கல்விக் கடனும் சர்க்கார் கடனும்

சென்ற வாரம் நமது காரியாலயத்திற்கு ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் வந்திருந்தார். தறி நெய்து ஜீவனம் செய்பவர். கையில் ஒரு மஞ்சள் பை. பையினுள் ஒரு வக்கீல் நோட்டீஸ். இங்கே பத்திரிகை நடத்துகிறவர் வக்கீலும் ஆவார் என்று யாரோ அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மகனை இஞ்சினீயரிங் படிக்க வைப்பதற்காக அவர் ஒரு பாங்கியில் ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் 4 லட்சம் ரூபாய் கடன் வாங்கினார். படிப்பு முடிந்து மூன்று ஆண்டுகள் சென்றுவிட்டன. ஊர் ஊராய் அலைந்த பின்னர் இப்பொழுதுதான் அந்த வாலிபருக்கு ஓசூரில் மாதம் 16 ஆயிரம் ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு வேலை அமைந்திருக்கிறது. நோட்டீஸோ, 6 லட்சத்து 59 ஆயிரம் ரூபாயை உடனே கட்டாவிட்டால் தந்தை மீதும் மகன் மீதும் வழக்குத் தொடரப்படும் என்கிறது.

நாம் நோட்டீஸைப் படித்து முடிக்கும் வரையில் அவர் உட்காரவில்லை. பிறகு சொன்னார்: “வாங்கினது வாஸ்தவந்தான் ஐயா. தரமாட்டேன் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. பையனுக்கு ஒரு வேலை ஆகட்டும் என்றுதான் கேட்டேன். அதற்கு அந்த ஆபீஸில் யாரும் பதில் சொல்லவில்லை.”

இந்த நெசவாளர் கேட்ட கேள்வி அவருடையது மாத்திரமன்று. தமிழ்நாட்டில் பட்டம் பெற்ற பிள்ளை உள்ள எத்தனையோ வீடுகளில் இக்கேள்வி இன்று கேட்கப்படுகிறது. அதற்குப் பதில் சொல்லுவது பொது விஷயங்களைப் பற்றி எழுதும் எவருக்கும் கடமையாகுமென்று நாம் கருதுகிறோம்.

‘கடன்’ என்னும் சொல்லுக்கு நமது பாஷையில் இரண்டு பொருள் உண்டு. பிறரிடம் வாங்கித் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். கல்விக் கடன் விஷயத்தில் முதற்பொருளைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். பாங்கி அதைப் பற்றிப் பேசுகிறது. வசூல் செய்ய வரும் ஏஜெண்டு அதைப் பற்றிப் பேசுகிறார். இரண்டாம் பொருளைப் பற்றிப் பேசுவார் அரியர். பொருளை வாங்கிய மாணவனுக்கு ஒரு கடன் உண்டு. அவனைப் படி படி என்று ஏவிய சர்க்காருக்கும் ஒரு கடன் உண்டு. நமது அரசியல் சட்டத்தின் 41ஆவது பிரிவு, தனது பொருளாதார சக்திக்குட்பட்டு, வேலைக்கும் கல்விக்கும் உரிய உரிமையை ஜனங்களுக்குக் கிடைக்கச் செய்யுமாறு ராஜ்யத்தைப் பணிக்கிறது. கோர்ட்டில் வாதாடிப் பெறத்தக்க பிரிவன்று அது என்பதை நாம் அறிவோம். ஆயினும், கோர்ட்டு கட்டாயப்படுத்தாத காரணத்தால் ஒரு கடமை கடமையல்லாமற் போய்விடாது.

முதலில், இந்தக் கடன் எவ்வாறு வளருகிறதென்பதைத் தாய்தந்தையர் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். இன்று பாங்கிகள் தரும் கல்விக் கடனுக்கு அடிப்படை, இந்திய பாங்கிகள் சங்கம் 2001ஆம் ஆண்டில் வகுத்த மாதிரித் திட்டமாகும். பின்னர் அது பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. படிக்கும் காலமும், அதற்குமேல் ஓராண்டும் தவணை கட்டவேண்டியதில்லை. இதை ஒத்திவைப்புக் காலம் என்பர். தவணைதான் ஒத்திவைக்கப்படுகிறதேயன்றி வட்டி ஒத்திவைக்கப்படுவதில்லை. அக்காலத்தில் தனிவட்டி ஓடிக்கொண்டேயிருக்கும். முடிவில் அவ்வட்டி முழுவதும் அசலோடு சேர்க்கப்பட்டு, அந்தப் புதிய அசலின் மீது மாதத் தவணை நிர்ணயிக்கப்படும்.

நமது நெசவாளரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வட்டி நூற்றுக்கு 10 என்று வைப்போம். நான்கு ஆண்டுகளிலும் ஆண்டின் துவக்கத்தில் 1 லட்சம் வாங்கினால், ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் வட்டி மட்டும் 1 லட்சத்து 40 ஆயிரம் ஆகிறது. கையில் வாங்கியது 4 லட்சம். முதல் தவணை கட்டுவதற்கு முன்பே கடன் 5 லட்சத்து 40 ஆயிரம். இதைப் பத்தாண்டுகளில் தீர்க்கவேண்டுமானால் மாதம் சுமார் 7,136 ரூபாய் கட்டவேண்டும். முதல் மாதத் தவணையில் 4,500 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 2,636 ரூபாய்தான். பத்தாண்டுகளில் மொத்தம் 8 லட்சத்து 56 ஆயிரம் ரூபாய் பாங்கிக்குச் சென்றிருக்கும். தவணை சிறிதாக இருக்கட்டுமென்று பதினைந்து ஆண்டுகள் கேட்டால் மாதம் 5,803 ரூபாய் ஆகும். மொத்தம் 10 லட்சத்து 44 ஆயிரத்துக்கு மேல் போகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இங்கே முழுவதும் பலிக்காவிட்டாலும் பாதிக்குமேல் பலித்துவிடுகிறது.

ஒரு தவணையும் கட்டாமல் இரண்டு ஆண்டுகள் சென்றால், மாதந்தோறும் வட்டிக்கு வட்டி ஏறி, 5 லட்சத்து 40 ஆயிரம் 6 லட்சத்து 59 ஆயிரமாகிறது. மஞ்சள் பையிலிருந்த நோட்டீஸின் தொகை இதுவே. இக்கணக்கில் பாங்கி ஒரு பைசாவும் பொய் எழுதவில்லை. சட்டப்படியும் ஒப்பந்தப்படியும் எல்லாம் சரியே. தந்தையும் கூட்டுக் கடன்காரராகக் கையெழுத்திட்டிருக்கிறார். கூட்டாக வாக்களித்தவர்களில் எவரை வேண்டுமானாலும் முழுத் தொகைக்கும் பொறுப்பாக்கலாமென்று 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43ஆவது பிரிவு கூறுகிறது. ஆகவே, மகன் ஓசூரில் இருக்க, தறியில் இருக்கும் தந்தைக்கு நோட்டீஸ் வந்ததும் சட்டவிரோதமன்று. சட்டம் இவ்வளவு சரியாக இருந்தும் நியாயம் எங்கோ வழுக்கியிருக்கிறது. அது வழுக்கிய இடம் யாது?

நமது அபிப்பிராயத்தில், தவணை துவங்கும் நாளே அந்த இடம். தவணைக்கு நாள் குறிப்பது நாட்காட்டி. அதைக் கட்டவேண்டியது சம்பளம். இவ்விரண்டுக்கும் திட்டத்தில் யாதொரு கட்டாயத் தொடர்பும் இல்லை. முற்காலத்து விதியில் வேலை என்ற சொல்லாவது இருந்தது: படிப்பு முடிந்து ஓராண்டு, அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், இவற்றுள் எது முந்தியதோ அன்று தவணை துவங்கும் என்றிருந்தது. வேலை சீக்கிரம் கிடைத்தால் பாங்கிக்கு லாபம்; தாமதித்துக் கிடைத்தால் மாணவனுக்கு ஒரு பயனும் இல்லை. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஓராண்டு என்பது பொதுவாயிற்று. அதே திருத்தத்தில் போற்றத்தக்க வேறொரு வாசகமும் நுழைந்தது. வேலையின்றியோ, குறைந்த ஊதியத்திலோ வாலிபர் தவிக்கும் காலங்களில், கடனின் ஆயுளில் இரண்டு மூன்று முறை ஒத்திவைப்பு அளிக்கலாமென்று அது கூறுகிறது. துவக்கத்தில் சிறிய தவணையும் வருமானம் ஏற ஏறப் பெரிய தவணையுமாக அமைத்துக்கொள்ளவும் இடமிருக்கிறது.

அந்த நெசவாளரிடம் இதை நாம் சொன்னபோது அவர் வியப்படைந்தார். இப்படி ஒரு வழி உண்டென்று அவரிடம் எவரும் சொல்லியதில்லை. மனு எழுதிக் கொடுக்கும்படி கேட்டதுமில்லை. ஏட்டிலுள்ள சலுகை ஏட்டிலேயே உறங்கிற்று. வட்டி மாத்திரம் ஒரு நாளும் உறங்கவில்லை. ‘அளிக்கலாம்’ என்ற சொல்லில் உள்ள ‘லாம்’ எவ்வளவு வலிமையற்றதென்பது கோர்ட்டு வாசலை மிதித்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அளித்தால் தயவு; அளிக்காவிட்டால் கேள்வியில்லை. ஒரு தலைமுறை வாலிபர்களின் மானமும் நிம்மதியும் ஒரு கிளை மானேஜரின் தயவில் தொங்குவது நமது தேசத்திற்கு அழகாகாது.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் குறைகூற வரவில்லை. ஆண்டு வருமானம் நாலரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்து மாணவருக்கு, தொழிற்படிப்புகளில், ஒத்திவைப்புக் காலத்து வட்டி முழுவதையும் மத்திய சர்க்கார் ஏற்கும் திட்டம் 2009 முதல் நடைபெற்று வருகிறது. 2015இல் ஏற்படுத்தப்பட்ட உத்தரவாத நிதி, ஏழரை லட்சம் ரூபாய் வரையுள்ள கடன்களில் வசூலாகாமற் போகும் தொகையில் முக்கால் பங்குக்குப் பொறுப்பேற்கிறது. 2024ஆம் ஆண்டு நவம்பரில் மத்திய மந்திரிசபை வித்யாலட்சுமி என்னும் பெயரால் ஒரு திட்டத்தை அங்கீகரித்தது. அதன்படி, ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்து மாணவருக்கு, 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனின் ஒத்திவைப்புக் காலத்து வட்டியில் 3 சதவீதத்தைச் சர்க்கார் தாங்கும். ஈடும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். இவற்றை நாம் மனமுவந்து வரவேற்கிறோம்.

ஆனால் இவற்றில் இரண்டு குறைகள் உள. வித்யாலட்சுமி திட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்தர ஸ்தாபனங்களுக்கே உரியது. துவக்கத்தில் அவற்றின் எண்ணிக்கை 860. நாட்டிலுள்ள கல்லூரிகளோ 40 ஆயிரத்துக்கு மேற்பட்டவை. உயர்ந்த ஸ்தாபனத்தில் படித்தவனை வேலை தேடி வருகிறது. சிற்றூர்ச் சாலையோரத்துக் கல்லூரியில் படித்தவன் வேலையைத் தேடி அலைகிறான். உதவி முன்னவனுக்குக் கிடைக்கிறது. வக்கீல் நோட்டீஸ் பின்னவனுக்குக் கிடைக்கிறது. 2009ஆம் ஆண்டுத் திட்டத்திலும், 2018ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னர், அங்கீகரிக்கப்பட்ட தரச் சான்று பெற்ற கல்லூரி அல்லது படிப்பு என்ற நிபந்தனை புகுந்துவிட்டது. நமது நெசவாளரின் மகன் படித்த கல்லூரிக்கு அந்தச் சான்று இல்லை. ஆகையால் ஏழையாயிருந்தும் அவருக்கு அந்த வட்டிச் சலுகை கிட்டவில்லை. சான்றில்லாத கல்லூரி நடத்த அனுமதித்தவர் ஒருவர். அதற்குத் தண்டம் கட்டுபவர் மற்றொருவர்!

இரண்டாவது குறை இன்னும் பெரிது. இத்திட்டங்கள் யாவும் மாணவன் படிக்கும் காலத்தோடும், அதையடுத்த ஓராண்டோடும் நின்றுவிடுகின்றன. உத்தரவாத நிதி இருக்கிறதே எனின், அது பாங்கியைக் காப்பாற்றுவது, கடன்காரனை விடுவிப்பதன்று. கரை சேர்க்க ஓடம் தருகிறோம் என்று ஏற்றிக்கொண்டு, நடு ஆற்றில் துடுப்பைப் பிடுங்கிக்கொள்வதைப் போலிருக்கிறது இது. படிக்கும்போது இரங்குகிறவர்கள், படித்து முடித்து வேலையின்றி நிற்கும்போது இரங்கவேண்டாமா?

இதற்கு மருந்து முழுத் தள்ளுபடியே என்று மேடைதோறும் முழங்குவோர் உண்டு. தேர்தல் வந்தால் அந்த முழக்கம் உச்சத்தை அடைகிறது. நமக்கு அது சம்மதமன்று. பாங்கியிலுள்ள பணம் மந்திரிகளின் சொந்தப் பணமன்று. வீட்டு வேலை செய்து சேர்க்கும் அம்மையாரும், பென்ஷன் வாங்கும் உபாத்தியாயரும் போட்டு வைத்த பணம். சம்பாதிக்கும் சக்தி வந்த பின்னும் கட்டாமலிருப்பவன், தனக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் மாணவனின் பங்கைத் தின்கிறான். வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டித் தவணை செலுத்திய குடும்பத்தை, தள்ளுபடி அறிவிப்பு முட்டாளாக்குகிறது. ‘தேர்தல் வரட்டும், பார்த்துக்கொள்வோம்’ என்று காத்திருந்து வட்டியைப் பெருக்கிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். ஆகவே வாங்கிய கடனைத் தீர்க்கவேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயமில்லை. எப்பொழுது, எவ்வளவு, எந்த அளவுக்கு மேற்படாமல் என்பவையே நாம் கேட்கும் கேள்விகள்.

பிற தேசங்களின் அனுபவம் இங்கே நமக்கு உதவும். அமெரிக்காவில் கல்விக் கடன் ஒன்றரை லட்சம் கோடி டாலரைத் தாண்டி நிற்கிறது. திவாலானவனுக்கும் அக்கடனிலிருந்து விடுதலை பெறுவது அங்கே மிகக் கடினம். ஜனாதிபதி பைடன் கொண்டுவந்த பெரிய தள்ளுபடித் திட்டத்தை அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு 2023 ஜூனில் செல்லாதென்று தீர்த்துவிட்டது. கழுத்தை நெரிக்கும் கடன் ஒருபுறம், அதை ஒரே வெட்டில் அறுக்கும் வாக்குறுதி மறுபுறம். இரண்டுக்கும் இடையில் ஒரு தலைமுறை தத்தளிக்கிறது. ஆஸ்திரேலியாவோ 1989இல் வேறு வழியைத் தேர்ந்தது. அங்கே படித்தவனுடைய வருமானம் ஒரு வரம்பைத் தாண்டும் வரையில் அவன் கட்டாயமாக ஒன்றும் கட்டவேண்டுவதில்லை; தாண்டிய பிறகு வருமான வரியோடு சேர்த்து வசூலிக்கிறார்கள். இங்கிலாந்திலும் முறை அவ்வாறே. 2023 ஆகஸ்டு முதல் படிப்பில் சேர்ந்தோர், ஆண்டு வருமானம் 25 ஆயிரம் பவுனுக்கு மேற்பட்டால் மேற்பட்ட தொகையில் மட்டும் 9 சதவீதம் கட்டுகிறார்கள். நாற்பது ஆண்டுகளில் தீராதது ரத்தாகிறது. அம்முறைகளிலும் குறைகளுண்டு, நாற்பது ஆண்டுகள் நெடுங்காலமென்றே நமக்குத் தோன்றுகிறது. ஆயினும் வேலையற்றவனை வாசலில் நின்று அதட்டும் அவலம் அம்முறைகளில் இல்லை.

வெளிநாட்டு உதாரணம் எதற்கு என்பாருக்கு நமது ராஜதானியின் உதாரணமே இருக்கிறது. வட்டி ஒருநாளும் அசலை மிஞ்சலாகாது என்பது நமது தேசத்துப் பழைய தர்மம். ‘தாம்துபத்’ என்ற பெயரால் பம்பாய்ப் பகுதியில் நீதிமன்றங்களும் அதை ஏற்றுவந்தன. சென்னை ராஜதானியில் ராஜாஜி மந்திரிசபை 1938இல் இயற்றிய விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் அந்த நியாயத்தை ஒட்டியே எழுந்தது. பழங்கடன்களில், அசலைப் போல் இரு மடங்கு செலுத்திவிட்ட விவசாயியின் கடன் தீர்ந்ததாகவே அச்சட்டம் கொண்டது. கடன் கொடுத்தவர்கள் அன்று கூக்குரலிட்டார்கள். ஒப்பந்தத்தின் புனிதம் போயிற்று என்றார்கள். ராஜதானி கவிழ்ந்துவிடவில்லை, உழவன் நிமிர்ந்தான். நிலத்தில் விதைத்தவனுக்கு அன்று காட்டிய நியாயத்தை, கல்வியில் விதைத்தவனுக்கு இன்று காட்டுவதில் என்ன தவறு?

ஆகவே நாம் சர்க்காரின் முன்னும் ரிசர்வ் பாங்கியின் முன்னும் வைக்கும் யோசனைகள் இவை. முதலாவது, தவணை துவங்கவேண்டிய நாள் முதற்சம்பள நாளாக இருக்கட்டும். வேலையில்லாக் காலத்தில் தவணை கேட்கலாகாது. ‘ஒத்திவைப்பு அளிக்கலாம்’ என்பதை ‘அளிக்கவேண்டும்’ என்று திருத்துக. இரண்டாவது, சம்பளம் ஒரு குறிப்பிட்ட அளவை அடையும்வரை தவணை அச்சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது. அக்காலத்தில் தனிவட்டியே ஓடவேண்டும், வட்டிக்கு வட்டி கூடாது. மூன்றாவது, மொத்த வட்டி ஒருபோதும் வாங்கிய அசலை மிஞ்சலாகாது. நான்காவது, இருபது ஆண்டுகள் நேர்மையாகக் கட்டியும் தீராத மிச்சத்தை உத்தரவாத நிதி ஏற்கட்டும். ஐந்தாவது, மாணவனின் கடனைத் தள்ளுபடி விலைக்குத் தனியார் வசூல் கம்பெனிகளிடம் கைமாற்றும் வழக்கம் ஒழியவேண்டும். பாதி விலைக்கு மூன்றாமவருக்கு விற்க மனம் வருமானால், அந்தக் குறைப்பை மாணவனுக்கே தந்து தீர்த்துக்கொள்ள ஏன் மனம் வரக்கூடாது?

இதனால் ஏற்படும் நஷ்டத்தை யார் தாங்குவது என்று கேட்கப்படும். நியாயமான கேள்வியே. பாங்கிகள் மீது அதைச் சுமத்தினால் அவை ஏழை மாணவனுக்குக் கதவை அடைத்துவிடும். ஆகையால் மத்திய சர்க்காரே தாங்கவேண்டும். படித்த வாலிபன் முப்பது முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து நேர்வரியும் மறைமுக வரியும் கட்டப்போகிறான். அவனது கல்வியின் லாபத்தில் சர்க்காரும் பங்காளி. லாபத்தில் பங்கு கொள்பவர் நஷ்டத்திலும் பங்கு கொள்வதே கூட்டு வியாபார தர்மம். வருமானத்தை எப்படி அறிவது என்றும் கேட்பார்கள். நிரந்தரக் கணக்கு எண் இருக்கிறது. சேமநல நிதிக் கணக்கு இருக்கிறது. சம்பளம் பாங்கியிலேயே விழுகிறது. கடன் பாக்கியை ஒரு நொடியில் சொல்லும் இயந்திரம் சம்பளத்தையும் சொல்லாதா? கணக்கில் வராத கூலி வேலை பார்ப்போர் விஷயம் சற்றுக் கடினமே. அவர்களிடம் ஆண்டுக்கொருமுறை உறுதிமொழி பெற்றுச் சிறு தொகை வாங்கிவரலாம்.

சட்டம் திருந்தும்வரை வாலிபர்கள் கைகட்டி நிற்கவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. இன்றுள்ள விதிகளுக்குள்ளேயே செய்யத்தக்கன சில உண்டு. படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவருவது அவற்றுள் தலையாயது. மேற்சொன்ன கணக்கில் முதலாண்டு வட்டி மாதம் 833 ரூபாய்தான். சர்க்கார் பள்ளிகளில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்களுக்கு 2022இல் புதுமைப் பெண் திட்டமும், பையன்களுக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்கத் துவங்கின. அத்தகைய உதவி கிடைக்கும் மாணவர், வேறு வழியிருந்தால், முதலாண்டில் அதை வட்டிக்குச் செலுத்துவது நன்று. பின்னாண்டுகளில் வட்டி மாதம் 3,333 ரூபாய் வரை ஏறும். முழுதும் இயலாவிடினும் இயன்றது கட்டுக. படிப்புக்கால வட்டி முழுவதையும் கட்டிவிட்டால், பின்னால் 7,136 ரூபாய்த் தவணை 5,286 ஆகக் குறையும்; கட்டிய வட்டியைச் சேர்த்துப் பார்த்தாலும் மொத்தத்தில் 80 ஆயிரம் ரூபாய்க்குமேல் மிச்சம். பல பாங்கிகள் அவ்வாறு கட்டுவோருக்கு வட்டியில் 1 சதவீதம் குறைக்கவும் செய்கின்றன.

வேலை கிடைத்தவர், தவணைக்கு மேல் மாதம் 1,000 ரூபாய் கூடுதலாகச் செலுத்தினால், பத்தாண்டுக் கடன் எட்டாண்டு ஒரு மாதத்தில் தீர்ந்துபோகும். 66 ஆயிரம் ரூபாய் வரை மிஞ்சும். பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தவருக்குக் கல்விக் கடன் வட்டி முழுவதற்கும் எட்டு ஆண்டுகள் வரை கழிவு உண்டு. புதிய முறையில் அது இல்லை. இரண்டையும் கணக்கிட்டுப் பார்த்துத் தேர்ந்துகொள்க. வேலை கிடைக்காதவர் பாங்கிக்குப் பயந்து ஒளியவேண்டாம். தொண்ணூறு நாட்கள் தவணை தவறினால் கணக்கு வாராக்கடன் பட்டியலில் ஏறிவிடும். அதற்கு முன்பே நேரில் சென்று, ஒத்திவைப்புக் கோரி எழுத்து மூலம் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்க. வாய்ப்பேச்சு காற்றோடு போம்; காகிதம் கோர்ட்டில் பேசும். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் வசூல் ஏஜெண்டுகள் தொலைபேசியில் அழைக்கலாகாதென்று ரிசர்வ் பாங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டிருக்கிறது. மீறினால் நாளும் நேரமும் குறித்துவைத்துப் புகார் செய்க. லோக் அதாலத்தில் சமரசத்துக்கு அழைப்பு வந்தால் அவசியம் போகவேண்டும். அங்கு முடிவான தீர்ப்புக்கு அப்பீல் இல்லையாகையால், கட்டக்கூடிய தொகைக்கே சம்மதிக்கவேண்டும். ஒரு கடனைக் கட்ட, கைபேசி வழியே நிமிஷத்தில் கிடைக்கும் மற்றொரு கடனை வாங்குவது மட்டும் வேண்டாம். அது தீயை எண்ணெய் விட்டு அணைக்கும் வித்தை.

மஞ்சள் பைக்காரரின் கதையில் நாம் இன்னும் சொல்லாத பகுதி ஒன்றுண்டு. அவருக்கு ஒரு மகளும் இருக்கிறாள். இவ்வாண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறாள், நல்ல மார்க். நர்ஸிங் படிக்க ஆசை. அண்ணன் கடன் நிலுவையில் இருக்கையில் தங்கைக்கு விண்ணப்பமே தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். மாணவனின் சிபில் மதிப்பெண் குறைவென்பதற்காகக் கல்விக் கடன் மறுக்கலாகாதென்று கேரள ஹைகோர்ட்டு 2023இல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த நியாயம் நாடெங்கும் விதியாக வேண்டுமென்பது நமது ஆறாவது யோசனை. அண்ணனுக்கு வேலை தாமதித்ததற்காகத் தங்கையின் படிப்பை நிறுத்துவது எந்த தர்ம சாஸ்திரத்திலும் இல்லை.

நாம் அவருக்காக இரண்டு மனுக்கள் எழுதிக் கொடுத்தோம். ஒன்று, மகன் மாதம் 1,600 ரூபாய் கட்டச் சம்மதிக்கிறான், வேலையற்றிருந்த இரண்டாண்டுகளை ஒத்திவைப்பாகக் கருதுக என்பது, மற்றது மகளுக்காக. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்காமல் திரும்பவேண்டாம் என்றோம். அவர் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “கட்டிவிடுவோம் ஐயா, நாள் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள்” என்று கூறிச் சென்றார்.

அவர் தமது கடனை மறுக்கவில்லை. சர்க்கார் தன் கடனை மறுக்கலாமா? அவர் கேட்பது நாள். அதைக் கொடுப்பதற்கு ஒரு விதியில் ஒரு சொல்லைத் திருத்தினால் போதும். டில்லியில் உள்ளவர்கள் அந்தச் சொல்லைத் திருத்தும் வரையில், நாமும் இவ்விஷயத்தை மறுபடி மறுபடி எழுதிக்கொண்டிருப்போம்.